டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கு: காலண்டரில் இரண்டு வட்டம் போடுங்கள்

பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருக்கிறேன். மார்பகத்தை மறுபடி அமைக்கும் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்களை ஒன்றரை மாதம் முன்பே போனில் கூப்பிட்டுப் பேசுவதும் என் வேலை. “என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?” என்று கேட்டால் சுகர், பிரஷர், தைராய்டு எல்லாம் வரிசையாக வரும். மார்பகக் கேன்சர் திரும்பி வராமலிருக்கச் சாப்பிடும் டமாக்சிஃபென் மட்டும் வராது. “அது கேன்சருக்கு சிஸ்டர், அது தனி” என்பார்கள். எனக்கு வேண்டியது அந்தத் ‘தனி’தான்.

ஏன் என்று சொல்கிறேன். டீப் ஃபிளாப் ஆபரேஷனில் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் அதற்கு ரத்தம் கொடுக்கும் குழாயோடு எடுத்து மார்பில் வைக்கிறார்கள்; இப்படி எடுத்து வைக்கும் சதைதான் ‘ஃபிளாப்’. நெஞ்செலும்பை ஒட்டி ஓடும் ரத்தக்குழாயோடு அதை இணைக்கிறார்கள். குழாயின் அகலம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. அந்த இணைப்பில் ரத்தம் உறைந்தால் வைத்த சதை பிழைக்காது. டமாக்சிஃபென்னோ காலிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பை இரண்டு, மூன்று மடங்கு கூட்டுகிற மருந்து.

முதல் வேலை, மாத்திரை அட்டையைக் கண்டுபிடிப்பது. மெடிக்கலில் அட்டையை வெட்டிக் கொடுத்திருப்பார்கள். பேர் அச்சடித்த பாதி வேறு யார் வீட்டிலோ இருக்கும். அப்படியானால் கேன்சர் டாக்டரின் சீட்டையே போட்டோ எடுத்து அனுப்புங்கள். லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் என்று இருந்தால் கதை வேறு; அவையும் மார்பகக் கேன்சருக்குக் கொடுக்கும் மாத்திரைகள்தான். அவற்றுக்கு டமாக்சிஃபென் அளவுக்கு ரத்தம் உறையவைக்கும் குணம் கிடையாது; பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. ஆனாலும் சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள்.

டமாக்சிஃபென்தான் என்றால் அடுத்தது தேதி. இந்த மாத்திரையை இன்று நிறுத்தினால் நாளைக்கே உடம்பை விட்டுப் போய்விடாது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே ஒரு வாரம் வரை ஆகும்; உடம்பில் அது மாறி உண்டாகும் பொருளுக்கு இரண்டு வாரம். 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஆபரேஷனுக்கு முந்தைய 28 நாளுக்குள் டமாக்சிஃபென் சாப்பிட்டவர்களுக்கு ஃபிளாப்பில் சிக்கல் கூடுதல் என்றது. பின்னால் வந்த சில ஆய்வுகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அதனால் ஒரு சர்ஜன் நான்கு வாரம் என்பார், இன்னொருவர் இரண்டு வாரம் என்பார், நிறுத்தவே வேண்டாம் என்பவரும் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கேன்சர் டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அவர்கள் சொன்ன நாளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். கூடவே இரண்டாவது வட்டம்: மறுபடி எப்போது தொடங்குவது? இதைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு அம்மாவுக்கு ஃபிளாப் அருமையாகப் பிடித்துவிட்டது. ஐந்து மாதம் கழித்து வந்தபோது, “மாத்திரையா? நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க” என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியில் நிறுத்திய தேதி இருந்தது, தொடங்கும் தேதி இல்லை. அதை அவர் கையில் கொடுத்து அனுப்பியவள் நான்தான்.

இன்னொன்றும் கேட்பேன், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. ஆபரேஷன் அன்று பீரியட்ஸ் வந்துவிடுமோ என்று, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போடுகிற ‘தள்ளிப்போடும் மாத்திரை’ போட்டீர்களா? அதுவும் ஹார்மோன்தான். ஹார்மோனால் வளரும் கேன்சர் வந்தவர்கள் தொடவே கூடாது. ரத்தம் உறையும் வாய்ப்பையும் கூட்டக்கூடியது. பீரியட்ஸ் வந்தால் வரட்டும், அதற்காக ஆபரேஷன் நிற்காது.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாள் மணிக்கொரு தடவை ஃபிளாப்பைப் பார்ப்போம், தூக்கத்திலும் எழுப்புவோம். கோபப்படாதீர்கள். விரலால் அழுத்தி விட்டால் நிறம் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று பார்ப்போம். ரத்தம் ஓடுவதைச் சத்தமாகக் காட்டும் டாப்ளர் குச்சியை வைத்து ‘உஷ்... உஷ்...’ சத்தம் கேட்போம். சிரை அடைத்தால் வீங்கி, நாவற்பழ நிறம் தட்டும். தமனி அடைத்தால் வெளிறிச் சில்லிட்டுப்போகும். பாடப்புத்தகத்துப் படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில். நம் கறுத்த தோலில் நிறமாற்றம் அவ்வளவு சுலபமாகத் தெரியாது. நான் சத்தத்தையும் சூட்டையும்தான் கூடுதலாக நம்புவேன். சந்தேகம் வந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் சர்ஜனை எழுப்பிவிடுவேன், சீக்கிரம் திறந்து பார்த்தால் பல நேரம் காப்பாற்றிவிடலாம்.

கூட இருப்பவர்களுக்கு: ஏசியைக் கூட்டாதீர்கள், குளிரில் குழாய் சுருங்கும். ஃபிளாப் வைத்த பக்கமாகச் சாய்ந்து படுக்க விடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியை வழக்கமாக வயிற்றில் போடுவோம்; அங்கே தையல் இருப்பதால் தொடையில் போடுவோம், தப்பாகப் போட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். நடக்கச் சொன்னதும், வயிற்றுத் தையல் இழுத்தாலும் லேசாகக் குனிந்தபடியே நடக்கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால் ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு என்றால் நேரே எமர்ஜென்சி.

இரண்டாவது வட்டத்தன்று நானே போன் செய்வேன். தையலில் இன்னும் நீர் வடிகிறது என்றால் சர்ஜனிடம் கேட்டுவிட்டு, அந்த வட்டத்தை அடித்துப் புதுத் தேதியில் போடச் சொல்வேன்.