ஸ்மார்ட்போன் பேட்டரி நீண்ட நேரம் நிற்கவும் நீண்ட காலம் உழைக்கவும்: குமரி மாவட்டத்தாருக்கான செய்முறை விளக்கம்

பேட்டரி நிற்பதில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வேறு குறைகளைச் சேர்த்தே சொல்கிறார்கள். காலையில் முழுதாக ஏற்றிய சார்ஜ் மாலைக்குள் தீர்ந்துவிடுவது ஒன்று. வாங்கிய இரண்டாம் ஆண்டிலேயே பேட்டரியின் கொள்ளளவு தேய்ந்துபோவது மற்றொன்று. முதலாவதைப் போனின் செட்டிங்ஸில் பெருமளவு சரிசெய்யலாம். இரண்டாவதை நாம் சார்ஜ் செய்யும் பழக்கமும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. பொதுவாகக் கிடைக்கும் குறிப்புகள் திரையின் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. மலையும் கடலும் மாநில எல்லையும் அருகருகே அமைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், டவர் சரியாகக் கிடைக்காததே பலருடைய சார்ஜைத் தின்கிறது என்பது என் கருத்து. ஆகவே அதற்கே இங்கு கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: சார்ஜ் எங்கே போகிறது என்று பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், வழக்கம்போல ஒரு நாள் முழுவதும் போனைப் பயன்படுத்திவிட்டு, மாலையில் செட்டிங்ஸைத் திறந்து ‘பேட்டரி’ என்ற பகுதிக்குச் செல்லுங்கள். ஆண்ட்ராய்டு போனில் அதனுள் ‘பேட்டரி பயன்பாடு’ என்று இன்னொரு பிரிவு இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் சற்று மாறும் என்பதால், கிடைக்கவில்லையென்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் கட்டத்தில் ‘பேட்டரி’ என்று தட்டுங்கள். எந்தச் செயலி எத்தனை சதவீதம் சார்ஜை எடுத்தது என்ற பட்டியல் அங்கே தெரியும்.

நீங்கள் இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்திருந்து, அந்தச் செயலி முதலிடத்தில் இருந்தால் அது இயல்பே. திறக்கவே செய்யாத ஒரு செயலி மேலே நின்றால், அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அதற்குப் படி 4 உதவும். ‘மொபைல் நெட்வொர்க்’ என்ற வரி பெரிய எண்ணைக் காட்டினாலோ, ஐபோனில் ஒரு செயலியின் கீழே கவரேஜ் இல்லை என்ற குறிப்பு வந்தாலோ, அடுத்த படியை ஊன்றிப் படியுங்கள்.

படி 2: டவர் குறைந்த இடங்களுக்கு ஏற்பப் போனை அமையுங்கள்

போன் டவருக்குத் தகவல் அனுப்பும் சக்தி ஒரே அளவில் இருப்பதில்லை. தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேசுவதுபோல, டவர் தூரமாகவோ மலைக்குப் பின்னாலோ இருக்கும்போது போன் தன் அலைபரப்பும் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது. சாதாரண 4ஜி போனின் உச்ச வெளியீடு சுமார் 200 மில்லிவாட். டவருக்கு அருகில் அதில் மிகச் சிறிய பங்கே போதும். சிக்னல் அடியோடு அற்றுப்போனாலும் போன் ஓய்வெடுக்காமல், எல்லா அலைவரிசைகளிலும் திரும்பத் திரும்பத் தேடும். பேச்சிப்பாறை, கோதையாறு, கீரிப்பாறை பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்பவர்களின் போன் பையிலேயே கிடந்தும் மதியத்துக்குள் பாதியாகக் குறைவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

முதலில் உங்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் சிக்னல் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதியில், சிம் நிலை என்பதைத் தொட்டால் சிக்னலின் வலிமை எதிர்ம எண்ணாகத் தெரியும். 4ஜியில் அது மைனஸ் 90 அளவில் இருந்தால் நல்லது. மைனஸ் 110ஐவிடக் கீழே, மைனஸ் 115, 120 என்று இறங்கினால் போன் திணறுகிறது என்று கொள்ளலாம். ஒரே வீட்டில் அடுக்களையிலும் முன்னறைச் சன்னலோரத்திலும் இந்த எண் வெகுவாக மாறுவதுண்டு. பகலில் போனை வைக்கும் இடத்தை மாற்றுவதொன்றே சிலருக்குப் போதுமானதாக இருக்கும்.

அடுத்து, மொபைல் நெட்வொர்க் பகுதியில் ‘விரும்பும் நெட்வொர்க் வகை’ என்பதைத் திறவுங்கள். உங்கள் ஊரில் 5ஜி அவ்வப்போது மட்டும் எட்டிப் பார்க்கிறதென்றால், போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். அங்கே 4ஜியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நாகர்கோவிலுக்கு வந்து நல்ல 5ஜி கிடைக்கும்போது மீண்டும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு சிம் வைத்திருப்பவர்கள், அந்த இடத்தில் டவரே கிடைக்காத சிம்மைத் தற்காலிகமாக அணைத்து வைக்கலாம். ஆனால் வங்கியின் கடவு எண் (ஓடிபி) அந்தச் சிம்முக்குத்தான் வரும் என்றால், அணைத்திருக்கும் நேரத்தில் அது வந்து சேராது என்பதை நினைவில் வையுங்கள்.

களியக்காவிளை, கொல்லங்கோடு, பத்துகாணி போன்ற எல்லையோர ஊர்களில் போன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் மாறி மாறித் தாவுவது இன்னொரு தொல்லை. நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, வலுவாகக் கிடைக்கும் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்தால் இந்தத் தாவல் குறையும். ஊரைவிட்டு வெளியே போகும்போது மறவாமல் தானியங்கித் தேர்வுக்குத் திரும்புங்கள். இல்லையேல் போகும் இடத்தில் போன் சேவையற்றுக் கிடக்கும். வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு இருந்தால் ‘வைஃபை காலிங்’ வசதியை இயக்குங்கள். பேச்சு வைஃபை வழியாகப் போவதால், வலுவற்ற டவரோடு போன் மல்லுக்கட்ட வேண்டிய நேரம் குறையும்.

தூத்தூர், வள்ளவிளை பக்கங்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு வழி இன்னும் எளிது. கரையின் சிக்னல் அற்றவுடன் ஏரோபிளேன் மோடை இயக்கிவிடுங்கள். இன்றைய பெரும்பாலான போன்களில் அந்த நிலையிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடத்தில் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். போன் ஜிபிஎஸ்ஸைப் படகின் கருவிகளுக்கு மாற்றாக ஒருபோதும் நம்ப வேண்டாம்.

படி 3: திரையைக் கட்டுப்படுத்துங்கள்

திரையின் வெளிச்சம் தானாக மாறும் வசதியை இயக்குங்கள். தொடாமல் விட்டால் 30 வினாடியில் திரை அணையும்படி வையுங்கள். உங்கள் போனின் திரை ஓஎல்இடி அல்லது அமோலெட் வகை என்றால், கருப்புப் பின்னணி கொண்ட டார்க் தீம் உண்மையாகவே சார்ஜை மிச்சப்படுத்தும், ஏனென்றால் அவ்வகைத் திரையில் கருப்பாகத் தெரியும் புள்ளிகள் ஒளிர்வதே இல்லை. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் இந்தப் பயன் கிடைக்காது. திரையின் புதுப்பிப்பு வேகம் 120 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 60 ஆக்கிப் பாருங்கள்.

படி 4: பின்னணிச் செயலிகளை அடக்குங்கள்

படி 1இல் சந்தேகத்துக்கு உள்ளான செயலியின் பெயரைத் தொட்டு, அதன் பின்னணிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள். இருப்பிட அனுமதியை ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் தாமாக இறங்குவதை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள, அரிதாகத் திறக்கும் செயலிகளை அடக்கிவைக்கும் ‘அடாப்டிவ் பேட்டரி’ வசதி அணைந்திருந்தால் இயக்கிவிடுங்கள். அண்மைச் செயலிகளை ஓயாமல் மேலே தள்ளி மூடும் பழக்கம் வேண்டாம். மூடியதை மறுபடி முதலிலிருந்து திறக்கக் கூடுதல் சக்தி செலவாகும். பேட்டரியைக் காப்பதாகச் சொல்லி விளம்பரம் காட்டும் செயலிகளை நீக்கிவிடுவதே நல்லது.

படி 5: வெப்பத்திலிருந்தும் உப்பிலிருந்தும் காப்பாற்றுங்கள்

பேட்டரியின் ஆயுளைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான படி இல்லை. 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரியின் வழிவந்தவையே நம் போன்களில் உள்ளவை. அவற்றின் உள்ளே, கொள்ளளவை மெல்ல அரிக்கும் வேதிவினைகள் எப்போதும் நடந்துகொண்டிருக்கின்றன. வெப்பம் கூடக் கூட அவை விரைவடைகின்றன. முழுச் சார்ஜும் வெப்பமும் ஒன்றுசேரும்போது தேய்மானம் மிக அதிகம். ஐபோனை 35 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. நம் கோடைப் பகல் அந்த அளவை எளிதில் தொடும்.

வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் போனை வைக்காதீர்கள். இருசக்கர வாகனத்தின் கைப்பிடியில் போனைப் பொருத்தி, வழிகாட்டும் வரைபடத்தை முழு வெளிச்சத்தில் ஓடவிட்டு, கூடவே சார்ஜும் ஏற்றிக்கொண்டு தோவாளையிலிருந்து தக்கலைவரை நண்பகலில் போகிறவர், பேட்டரிக்குத் தீங்கான அனைத்தையும் ஒரே நேரத்தில் செய்கிறார். உணவு விநியோகம் செய்யும் இளைஞர்களுக்கு வேறு வழியில்லை என்பதை அறிவேன்; அவர்கள் குரல்வழி வழிகாட்டலை மட்டும் இயக்கிவிட்டுத் திரையை அணைத்துப் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் வெப்பம் கணிசமாகக் குறையும்.

சார்ஜ் செய்யும்போது தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள்; உறை தடிமனாக இருந்தால் கழற்றிவிடுங்கள். அன்றாடம் 20 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்திருப்பது பேட்டரிக்கு இதமானது. சிறிது சிறிதாக ஏற்றினால் கெட்டுவிடும் என்ற அச்சம் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்தது. இரவு முழுவதும் சார்ஜில் விடுபவர்கள், 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி தங்கள் போனில் இருந்தால் அதை இயக்குவது நல்லது.

ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரையுள்ள கடலோரத்தில் சார்ஜ் துளையின் உலோக முனைகளை உப்புக் காற்று அரிக்கும். தொடர்பு தளர்ந்தால் கம்பியின் முனை சூடாகும், சார்ஜும் மெதுவாக ஏறும். துளையில் ஈரம் பட்டிருந்தால், நன்கு உலரும்வரை சார்ஜரைச் செருகவே கூடாது. அரிசிக்குள் புதைத்து வைப்பது பயன் தராது. அரிசித் துகள் துளைக்குள் புகுந்து கேடு செய்யலாம்.

படி 6: மழைக்காலத்துக்கு முன்னேற்பாடு செய்யுங்கள்

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. எச்சரிக்கை வந்தால் அன்று மட்டும் 80 சதவீத வரம்பை மறந்து போனையும் பவர் பேங்கையும் முழுதாக ஏற்றிவையுங்கள். 10,000 எம்ஏஎச் என்று எழுதிய பவர் பேங்க், மின்னழுத்த மாற்றத்தில் ஏற்படும் இழப்பு போக, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே போனுக்குத் தரும். எனவே 5,000 எம்ஏஎச் போனை அது இரண்டு முறை நிரப்பாது. கரண்ட் போன உடனேயே பேட்டரி சேவரை இயக்குங்கள். 15 சதவீதம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குறித்த நேரங்களில் மட்டும் ஏரோபிளேன் மோடை நீக்கிப் பேசுவதென்று வீட்டாரோடு முன்பே பேசி வைத்துக்கொண்டால், ஒரு சார்ஜ் பல நாள் வரும்.

படி 7: மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றுங்கள்

ஐபோனில் ‘பேட்டரி ஹெல்த்’ பகுதியும், சில ஆண்ட்ராய்டு போன்களில் அதற்கு இணையான பகுதியும் எஞ்சிய கொள்ளளவைக் காட்டும். அது 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, போன் 20 சதவீதம் இருக்கும்போதே திடீரென்று அணைந்தால், செட்டிங்ஸ் எதுவும் உதவாது. நிறுவனத்தின் சேவை மையத்தில் புதிய பேட்டரி போடுங்கள். விலை குறைந்த போலி பேட்டரியில் பாதுகாப்புச் சுற்று சரியாக இராது.

போனின் பின்பக்கம் உப்பியிருந்தாலோ திரை மேலெழும்பினாலோ, உடனே சார்ஜ் செய்வதை நிறுத்துங்கள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. அப்படிச் செய்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு. போனை அணைத்து, எளிதில் எரியும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, சேவை மையத்தாரிடம் ஒப்படையுங்கள். பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போட வேண்டாம், கொல்லையில் எரிக்கவும் வேண்டாம். புதியது போடும் இடத்திலேயே பழையதைக் கொடுத்து, மின்கழிவாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.