சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி பிடோக்கில் சாப்பிடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அடுத்த விமானத்துக்கு ஆறு மணி நேரம் இருக்கிறது, பசியோ இப்போதே கிள்ளுகிறது. இப்படி வந்து சேரும் உறவினர்களை நான் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்கு அழைத்துப்போவதில்லை. ரயிலில் ஏறி, எக்ஸ்போவைத் தாண்டி தானா மேராவில் மாறினால் அடுத்த நிலையம் பிடோக். அங்கே கடைத்தொகுதி, பஸ் முனையம், உணவங்காடி நிலையம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் இந்தியக் கடப்பிதழ்காரர்கள் வெளியே வரப் பொதுவாக விசா வேண்டும். வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். இதைக் கவனிக்காதவர்களின் பிடோக் பயணம் குடிநுழைவு முகப்போடு சரி.

குளிர்சாதனக் காற்று முகத்தில் பட்டதும் கடைத்தொகுதிக்குள் முதலில் தென்படும் உணவகத்தில் உட்கார்ந்துவிடுவதுதான் பலரும் செய்வது. விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி என்று அர்த்தம். 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று நினைத்துச் சாப்பிட்டது 23.98 வெள்ளியாகி வரும். உணவங்காடி நிலையத்தில் பலகையில் போட்டிருக்கும் விலைதான் விலை. வியர்க்கும், அவ்வளவுதான்.

அங்கே ஒரு மேசை காலியாக இருக்கிறது, நடுவில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடக்கிறது. யாரோ மறந்துபோய் விட்டதில்லை. அந்த இடத்தை ஒருவர் ‘சோப்’ செய்துவிட்டு உணவு வாங்கப் போயிருக்கிறார். சட்டமில்லைதான், ஆனால் என் பெரியப்பா அதை எடுத்து முகம் துடைத்துக்கொண்டபோது நான்தான் தலைகுனிந்து நின்றேன். பகல் 12 மணியிலிருந்து ஒன்றரை வரை இடம் கிடைப்பது பெரும்பாடு. பதினொன்றரைக்கே போய்விடுங்கள். சில கடைகள் திங்கட்கிழமை திறப்பதில்லை.

சைவர்கள் ஏமாறும் இடம், சோற்றுக்குப் பதினைந்து இருபது தட்டுகளில் கறிவகை பரப்பி வைத்திருக்கும் கடை. “காய்கறி மட்டும்” என்று கேட்டால் காய்கறிதான் வைப்பார்கள். ஆனால் கங்கோங் கீரை பெலாச்சானில், அதாவது இறால் விழுதில், வதங்கியிருக்கும். முட்டைகோஸில் உலர்ந்த இறால் கிடக்கும். பச்சைக்கீரையில் பளபளப்பது சிப்பிச் சாறாக இருக்கலாம். “கீரையில் ஏன் கருவாட்டு வாசனை வருகிறது?” என்று அத்தை கேட்டபோது பாதித் தட்டு காலி. இறைச்சி வேண்டாம் என்று சொல்வது போதாது. இறால், சிப்பிச் சாறு, முட்டை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதைவிட, சைவம் மட்டுமே விற்கும் சீனக் கடையைத் தேடுவது நிம்மதி. அங்கே தட்டில் வாத்துபோல் இருப்பதும் பெரும்பாலும் சோயாவோ கோதுமையோதான். ஹலால் பார்ப்பவர்கள், ‘பன்றி இறைச்சி இல்லை’ என்ற பலகையை நம்பிவிட வேண்டாம். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தரும் ஹலால் சான்றிதழ் வேறு, அது வேறு.

காப்பி கேட்கத் தெரியாததும் சின்னத் தவறில்லை. வெறுமனே ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பால் ஊற்றித் தித்திப்பாக வரும். ‘கோப்பி ஓ’ என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. ‘கோப்பி ஓ கோசோங்’ என்றால் இரண்டும் இல்லை. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களை அழைத்துப்போனால் ‘ஓ கோசோங்’ என்பதைப் பழக்கிவிடுங்கள்.

வெளிநாட்டு அட்டை எல்லாக் கடைகளிலும் செல்லும் என்று சொல்ல முடியாது, கையில் கொஞ்சம் சில்லறை வெள்ளி இருக்கட்டும். சாப்பிட்டு எழும்போது தட்டை மேசையிலேயே விட்டுவிடுவது நம்மவர்களுக்குக் கைவந்த பழக்கம். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே அது குற்றம். முதல் முறை எழுத்துபூர்வ எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். திரும்பக் கொண்டுபோய் வைக்கும் அடுக்குகளில் ஹலால் தட்டுக்குத் தனி இடம் உண்டு, கலந்துவிடாதீர்கள்.

மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். ஆனால் ரயிலில் பிரித்துச் சாப்பிட்டால் 500 வெள்ளி வரை அபராதம். தண்ணீர் குடித்தாலும் அதே கதைதான். சம்பல் டப்பா 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் வைத்து விமானத்துக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே வறுத்த கோழியைப் பொட்டலம் கட்டுங்கள். சாங்கி வரை மடியில் வைத்துக்கொண்டு வாசனையை மட்டும் பிடிக்கலாம்.