உயில் எழுதினால் போதாது: மத்திய சேம நிதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் சமூகநல ஏற்பாட்டை வேறு நாட்டு அளவுகோலால் அளப்பதில்தான் நம்மவர்களின் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. பிரிட்டனில் இன்று உழைப்பவர்கள் கட்டும் தொகையிலிருந்து இன்றைய முதியோருக்கு ஓய்வூதியம் போகிறது. தமிழ்நாட்டில் அரசு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியப்பாவுக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிறது. இங்கேயோ, 1955 ஜூலை 1ஆம் தேதி காலனி ஆட்சிக் காலத்திலேயே தொடங்கிய மத்திய சேம நிதியில், ஒவ்வொருவர் உழைப்பும் அவரவர் பெயரிலேயே சேர்கிறது. 55 வயது வரை ஊழியர் தம் சம்பளத்தில் 20 விழுக்காடும், முதலாளி அதற்கு மேல் 17 விழுக்காடும் செலுத்துகிறார்கள். 1968 முதல் அந்தப் பணத்தைக் கொண்டு அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்கலாம் என்றானது. 1984இல் மருத்துவச் செலவுக்கென மெடிசேவ் வந்தது. கணக்கு நம்முடையது என்பதால் அதைப் பற்றிய முடிவுகளையும் நாமே எடுக்க வேண்டியிருக்கிறது. எடுக்காமல் விட்டால் சட்டம் நமக்காக முடிவெடுத்துவிடும்.

வார இறுதிகளில் சமூக மன்றத்தில் முதியோருக்குப் படிவம் நிரப்ப உதவி வருகிறேன். அங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு, "55 ஆனதும் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம்" என்பது. அந்த வயதில் ஓய்வுக்காலக் கணக்கு ஒன்று திறக்கப்பட்டு, முழு ஓய்வுக்காலத் தொகை எனப்படும் வரம்பு வரை அதில் ஒதுக்கப்படுகிறது. 2025இல் 55 வயதை எட்டியவர்களுக்கு அது 213,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அந்தத் தொகை சேராதவர்களும் 5,000 வெள்ளி வரை எடுக்கலாம். அதற்கு மேல் எடுக்கப் பொதுவாக ஒதுக்கீட்டுக்குப் பிறகு மிச்சம் இருக்க வேண்டும். மகள் திருமணத்துக்கோ ஊரில் நிலம் வாங்கவோ இந்தப் பணத்தைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒதுக்கிய பணத்திலிருந்து வரும் மாதாந்தரத் தொகையை 65 வயதில் கேட்டுத் தொடங்கலாம்; கேட்காமல் இருந்தால் 70இல்தான் தானாக வரும். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தொகை கூடும் என்பதால், கையில் வேறு வருமானம் உள்ளவர்கள் தெரிந்தே காத்திருப்பதில் தவறில்லை. இல்லாதவர்கள் தெரியாமல் காத்திருப்பதுதான் மனத்தை வருத்துகிறது.

வீட்டை விற்கும்போது வரும் அதிர்ச்சி வேறு வகையானது. சேம நிதியிலிருந்து எடுத்த தொகையோடு, அது கணக்கிலேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டியையும் சேர்த்துத் திரும்பச் செலுத்த வேண்டும். வீட்டுக்குப் பணம் எடுக்கும் சேம நிதியின் சாதாரணக் கணக்குக்கான 2.5 விழுக்காட்டு வட்டியில், எடுத்த 100,000 வெள்ளி இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 163,900 ஆகிவிடும். அரசாங்கம் அதைப் பிடுங்கிக்கொள்வதாகச் சிலர் சொல்வது சரியன்று. அது விற்றவரின் சொந்தக் கணக்குக்கே திரும்புகிறது. ஆனால் ரொக்கமாகக் கையில் நிற்பது குறைவாக இருக்கும். அடுத்த வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

டாக்சி ஓட்டுவோர், சிறு கடை வைத்திருப்போர் போன்ற சுயதொழில் செய்வோருக்கு ஒரு சொல். குறைந்த வருமானத்தாருக்கான வொர்க்ஃபேர் தொகை, மாதச் சம்பளக்காரர்களுக்கு விண்ணப்பிக்காமலே கிடைக்கிறது. சுயதொழில் செய்வோர் வருமானத்தை அறிவித்து, மெடிசேவ் தொகையையும் கட்டினால்தான் அது கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது நியமனத் தவறுக்குத்தான்; அதாவது, நம் இறப்புக்குப் பின் சேம நிதிப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பதிவு செய்வதில் நேரும் தவறு. சில மாதங்களுக்கு முன் ஒரு பெண்மணி நெகிழி உறை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே கணவர் வழக்கறிஞர் முன்னிலையில் கையெழுத்திட்ட உயில், மடிப்பில் கிழியாதபடி ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. சேம நிதியில் பாதியைத் தம் தாயாருக்குத் தர வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார். அத்துடன், திருமணத்துக்கு முன் அவர் தாயார் பெயரில் செய்திருந்த நியமனத்தின் நகலும் இருந்தது. "அத்தைக்கு எழுதி வச்சிட்டேன்னு அவர் சொல்லிக்கிட்டே இருப்பார், தம்பி," என்றார் அந்த அம்மா. இரண்டு தாள்களுமே பயன்படவில்லை. சேம நிதிப் பணம் உயிலுக்குக் கட்டுப்படாது. திருமணம் ஆன அன்றே பழைய நியமனம் ரத்தாகிவிடும். நியமனம் இல்லாத பணம் அரசு அதிகாரியான பொது அறங்காவலரிடம் போய், உயில் இல்லாதோருக்கான வாரிசுச் சட்டப்படி மனைவிக்குப் பாதியாகவும் பிள்ளைகளுக்குப் பாதியாகவும் பிரிந்தது. அதற்குக் கட்டணமும் பிடித்தார்கள். பிள்ளைகள் இருக்கும்போது அந்தச் சட்டத்தில் தாய்க்குப் பங்கு இல்லை. மாமியாரைத் தம்முடன் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்த மருமகள், தம் பங்கிலிருந்து எப்படிக் கொடுப்பது என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

மணமுறிவில் நிலைமை நேர் எதிர். விவாகரத்து பழைய நியமனத்தை ரத்து செய்யாது. மாற்றாமல் விட்டால் முன்னாள் துணைக்கே பணம் போய்ச் சேரும். சேம நிதியைக் கொண்டு வாங்கிய வீடு நியமனத்தில் அடங்காது என்பதையும் பலர் அறிவதில்லை: வீடு உயிலைப் பொறுத்தது, கூட்டு உரிமையாக இருந்தால் உயிருடன் இருப்பவரைச் சேரும். முஸ்லிம் குடும்பங்களில், நியமனம் இல்லாத தொகை இஸ்லாமிய வாரிசுரிமைச் சான்றிதழின்படி பிரிக்கப்படும்.

நியமனம் செய்யக் கட்டணம் இல்லை. அரசின் மின்னடையாள வசதியான சிங்பாஸ் வழியாகவே முடித்துவிடலாம். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். பணம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்கக்கூடாது என்பதால், வீட்டில் இருக்கும் மனைவியையும் மூத்த மகனையுமே சாட்சியாகப் போட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டாரையோ உடன் வேலை செய்பவரையோ கேளுங்கள். இணையத்தில் செய்யும்போது சாட்சிகள் இருவரும் தத்தம் சிங்பாஸில் நுழைந்து ஒப்புதல் தந்தால்தான் நியமனம் செல்லும். ஆகவே படிவத்தை அனுப்பிய கையோடு அவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள்.