கொறங்காட்டில் வெள்வேல் வளர்க்கும் முறை

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் மானாவாரி நிலத்தைச் சுற்றி முள்கிளுவை வேலி அமைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் வளரவிட்டு, ஆடுமாடு மேய்ப்பதற்கென்றே ஒதுக்கி வைக்கும் நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். புல் காய்ந்து தரையோடு ஒட்டிப்போகும் கோடையில் அந்த நிலத்தைத் தாங்கி நிற்பது வெள்வேல்தான். பங்குனியிலிருந்து வைகாசி வரை அதன் காய்கள் முற்றி உதிர, மாடும் செம்மறியும் அவற்றைப் பொறுக்கித் தின்றே பசியாறும்.

முதலில் மரத்தைச் சரியாக அடையாளம் காண வேண்டும். வெள்வேலின் அடிமரமும் கிளைகளும் மஞ்சள் கலந்த வெண்ணிறமாக இருக்கும். முதிர்ந்த மரத்தில் மட்டும் அடிப்பட்டை கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். வெளிர்மஞ்சள் பூவுருண்டைகள் கிளை நுனியில் பெரிய கொத்தாகப் பூக்கும். கருவேலின் காய் மணி கோத்ததுபோல விதைக்கு விதை இடுங்கியிருக்கும்; வெள்வேலின் காயோ ஒடுங்கி, சற்றே வளைந்து, பழுப்பு நிறத்தில் இருக்கும். சீமைக்கருவேல் வெளியிலிருந்து வந்து பரவிய வேறு மரம்; அதன் பூ கதிர்போல நீண்டிருக்கும். வேல மரம் என்றாலே வெட்டி எறிய வேண்டிய முள்மரம் என்று நினைத்து, சீமைக்கருவேலோடு சேர்த்து வெள்வேலையும் இயந்திரம் விட்டுப் பிடுங்கிவிடுவதை நான் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

நன்கு காய்க்கும், பூச்சி விழாத மரமாகத் தேர்ந்து, காய் உதிரத் தொடங்கும்போதே பறித்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, தடியால் தட்டி விதையைப் பிரிக்க வேண்டும். குண்டூசி குத்தியதுபோல ஓட்டை விழுந்த விதைகளை வண்டு தின்றிருக்கும், அவற்றைக் கழித்துவிடலாம். விதையின் தோல் மிகக் கடினமானதால் அப்படியே விதைத்தால் பெரும்பகுதி முளைக்காமல் கிடக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடம் ஆறவிட்டு, அதில் விதையைப் போட்டு இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். காலையில் பார்த்தால் தோல் இளகிய விதைகள் ஏறக்குறைய இரண்டு மடங்காக உப்பியிருக்கும், நகத்தால் அழுத்தினால் பதியும். அவற்றை உடனே விதைக்கலாம். உப்பாமல் கல்லுபோல் அடியில் கிடப்பவற்றை மறுபடியும் அதே முறையில் வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து பையில் நிரப்பி, பைக்கு இரண்டு விதையாக அரை அங்குல ஆழத்தில் வைகாசியில் ஊன்றினால் ஐப்பசி மழைக்குக் கன்று தயாராகிவிடும். இங்கேதான் கவனம் மிக அதிகம் தேவை. வெள்வேல் மேலே ஒரு சாண் வளர்வதற்குள் கீழே ஆணிவேரை வெகுதூரம் இறக்கிவிடும் இயல்புடையது. பை குட்டையாக இருந்தால் அந்த வேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். ஓர் ஆண்டு நான் விலைக்கு வாங்கி நட்ட கன்றுகள் இலை செழித்து நின்றும் அடுத்த கோடையில் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. ஒன்றைத் தோண்டிப் பார்த்தபோது வேர் பையின் வட்டத்திலேயே சும்மாடுபோலச் சுற்றிக் கிடந்தது. ஆகவே ஓரடிக்குக் குறையாத உயரமான பையையே பயன்படுத்தி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பையை இடம் மாற்றி வைத்து, ஐந்து மாதத்துக்கு மேல் வைத்திருக்காமல் நட்டுவிட வேண்டும்.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழியைப் புரட்டாசியிலேயே எடுத்து ஆறப்போட்டு, நிலம் நனைந்தபின் நட வேண்டும். மரத்துக்கு மரம் 50 அடி விட்டால் ஏக்கருக்கு 17 மரம் வரும். இதைவிட நெருக்கினால் நிழல் கூடிப் புல் குறைந்துவிடும். முதல் கோடையில் பத்து நாளுக்கு ஒரு குடம் தண்ணீர் போதும். அடிக்கடி ஊற்றினால் வேர் ஆழம் போகாமல் மேலேயே தங்கிவிடும்.

முள் இருக்கிறதே என்று நம்பி ஆட்டை உள்ளே விடக்கூடாது. இளங்கன்றின் கொழுந்தை வெள்ளாடு விடாது கடித்துவிடும். கன்று மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை, பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு, ஒவ்வொரு கன்றையும் சுற்றி முள் அடைப்புப் போட்டாக வேண்டும்.

நாற்று விடும் வேலையே இல்லாத பழைய வழியும் உண்டு. காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்திலும் புழுக்கையிலும் வெளிவரும் விதைகள் வயிற்றில் ஊறித் தோல் இளகியிருப்பதால் எளிதில் முளைக்கும். பட்டிக் குப்பையை ஆடி மழைக்கு முன் காட்டில் அங்கங்கே இறைத்து, முளைத்த கன்றுகளில் தேவையானவற்றுக்கு மட்டும் அடைப்புக் கட்டினால் போதும். பையில் சுருளாத வேர் என்பதால் இவையே வறட்சியை அதிகம் தாங்கும் என்பது என் கருத்து.

மரமானபின் ஆண்டுக்கு ஒருமுறை தாழ்ந்த பக்கக் கிளைகளை மட்டும் கவாத்துச் செய்து, அந்த முள்ளைக் கொண்டே வேலியின் சந்துகளை அடைக்கலாம். முன்பு சாராயம் காய்ச்சுவதற்காக இதன் பட்டையை உரித்துச் செல்வார்கள்; யார் எதற்காகக் கேட்டாலும் நிற்கும் மரத்தில் பட்டையைச் சுற்றிலும் உரிக்க விடக்கூடாது, அப்படி உரித்த மரம் பிழைக்காது.