கரையொதுங்கும் சொறிமீனைக் கொண்டு கடலைக் கவனிக்கும் முறை

சொறிமீன் (ஜெல்லிமீன்) என்றதும் வலையைப் பாழாக்குவதும் உடம்பில் அரிப்பை உண்டாக்குவதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. கடலின் உணவுத் தொடரிலோ அது உண்பதாகவும் உண்ணப்படுவதாகவும், மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமாகவும் இருக்கிறது. இதில் ஒரு பகுதியைக் கரையில் நின்றே கண்டறியலாம்.

செத்துக் கிடக்கும் சொறிமீனின் இழைகளும் கொட்டும் என்பதால் வெறுங்கையால் தொடாதீர்கள். கொட்டுப்பட்டால் அந்த இடத்தைத் தேய்க்காமலும் மணல் பூசாமலும் கடல்நீரால் கழுவ வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கரைவலை இழுக்கும் இடமே கவனிக்க ஏற்றது. மீனவர்களிடம் அனுமதி கேட்டு, வலையில் உயிருடன் வந்த ஒன்றைக் கடல்நீர் நிறைந்த வாளியில் விட்டு, குடை போன்ற உடலின் அடியில் பாருங்கள். எல்லாவற்றிலும் இல்லாவிட்டாலும், சிலவற்றின் இழைகளுக்கிடையே பாரைக்குஞ்சுகள் ஒண்டியிருக்கும். பெரிய மீன்கள் அணுகத் தயங்கும் அந்த இடத்தில்தான் அவை இளம்பருவத்தைக் கழிக்கின்றன. நிலாச் சொறிமீன் கிடைத்தால், கண்ணாடி போன்ற உடலுக்குள் குதிரைலாட வடிவில் தெரியும் நான்கு இனப்பெருக்க உறுப்புகளைக் காணலாம்.

சொறிமீன்கள் கண்ணுக்கு எளிதில் தெரியாத மிதவையுயிரிகளையும் மீன் முட்டைகளையும் மீன்குஞ்சுகளையும் உண்கின்றன. ஆகவே சாளை, நெத்திலி போன்ற மீன்களுக்கு அவை இரைக்குப் போட்டியாளர்கள். அவற்றின் முட்டைகளைத் தின்பவையும் கூட. நமீபியக் கரையோரத்தில் அளவுக்கு மீறிய பிடிப்பால் சாளை வளம் சரிந்த பின்னர் சொறிமீன்கள் பெருகின. 2006-இல் வெளியான ஆய்வொன்று அங்கே சொறிமீன்களின் எடையை 1.22 கோடி டன் என்றும், மீன்களின் எடையை 36 லட்சம் டன் என்றும் மதிப்பிட்டது. அவ்விடத்தை அவை பறித்துக்கொண்டன என்பதைவிட, நாம் காலிசெய்து கொடுத்தோம் என்று சொல்வதே நேர்மை என்பேன்.

இறந்த பின்னும் அவற்றின் பங்கு முடிவதில்லை. 2002-இல் ஓமன் நாட்டுக் கரைக்கு அப்பால் அரபிக் கடலின் ஆழ்தரையில் சொறிமீன் சடலங்கள் பெருந்திரளாகப் படிந்திருந்தது பதிவாகியுள்ளது. மேற்பரப்பில் உருவான கரிமம் இப்படியும் ஆழத்துக்குச் சென்று அங்குள்ள உயிர்களுக்கு உணவாகிறது. கரையில் கிடப்பவற்றை நண்டுகள் கொத்தித் தின்பதை நீங்களே பார்க்கலாம்.

பதிவு செய்வதற்கு, 100 மீட்டர் நீளக் கரையொன்றைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை, ஒரே அளவு வற்றத்தின்போது (கடல்நீர் உள்வாங்கியிருக்கும் வேளையில்) எண்ணுங்கள். எண்ணிக்கை, குடையின் விட்டம், காற்றின் திசை, அண்மையில் பெய்த மழை ஆகியவற்றைக் குறித்து, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். ஒருநாள் குவியலைக் கண்டதும் கடல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. காற்றும் நீரோட்டமும் சேர்ந்து அவற்றை ஒரே இடத்தில் ஒதுக்கியிருக்கலாம். பல பருவங்களின் குறிப்புகள் இருந்தால்தான் பெருக்கமா, வழக்கமான வரவா என்று பேச முடியும்.

எண்ணி முடித்ததும் அதே பரப்பில் கிடக்கும் நெகிழிப் பைகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். சொறிமீனையே முதன்மை உணவாகக் கொண்ட தோல்முதுகுக் கடலாமை (ஏழுவரி ஆமை), நீரில் மிதக்கும் பையையும் இரையென்று விழுங்கிவிடுகிறது.