கானி மேக்கின் ஆட்டக் கணக்கை வாசிக்கும் முறை

பேஸ்பால் அணிகளைக் களத்தில் வழிநடத்தும் மேலாளர்களில் மிக அதிக வெற்றிகளைப் பெற்றவரும் மிக அதிகத் தோல்விகளைச் சந்தித்தவரும் ஒருவரே: 1862-இல் மாசசூசெட்ஸில் பிறந்து, மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சராக ஆடத் தொடங்கிய கானி மேக். அவருடைய 3,731 வெற்றிகளையும் 3,948 தோல்விகளையும் மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் அவரைச் சாதாரண மேலாளர் என்றே எண்ணுவார். அந்தப் பிழை நேராதிருக்க, கணக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து வாசிக்க வேண்டும்.

முதலில் 1886 முதல் 1896 வரை அவர் ஆடிய ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மட்டை சராசரி .244, கிரிக்கெட் சராசரியைப் போல இது ஓட்டங்களைக் குறிப்பதன்று, ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 244 முறை பந்தை வெற்றிகரமாக அடித்தார் என்பதே இதன் பொருள். இது பெரிய எண் அன்று. ஆனால் கேட்சரை மட்டையால் மட்டும் அளப்பது, விக்கெட் கீப்பரை ஓட்டங்களால் மட்டும் அளப்பதற்கு ஒப்பாகும். முழு மைதானமும் கண்முன் விரியும் இடத்திலிருந்து ஆட்டத்தைப் பார்ப்பவர் கேட்சர் ஒருவரே என்பதால், மேக்கின் பிற்கால நிர்வாகத் திறனுக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து, 1894 முதல் 1896 வரை பிட்ஸ்பர்க்கில் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இருந்த காலத்தை, 1901 முதல் 1950 வரையிலான பிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் அணிக் காலத்திலிருந்து பிரித்துக்கொள்ளுங்கள். அத்லெட்டிக்ஸில் அவர் உரிமையாளர்களுள் ஒருவருமாவார். பிற மேலாளர்கள் வேலையை இழந்திருக்கக்கூடிய மோசமான ஆண்டுகளிலும் அவர் பதவியில் நீடித்தார். அந்தத் தோல்விகளும் அவர் பெயரிலேயே சேர்ந்தன.

மூன்றாவதாக, ஒவ்வோர் ஆண்டின் எண்ணுக்கும் அருகில் அவ்வாண்டின் பணநிலையை எழுதிப் பாருங்கள். இதுவே மிகவும் பயன் தரும் படி. 1910, 1911, 1913 ஆகிய ஆண்டுகளில் பருவத்தின் இறுதிச் சாம்பியன் போட்டியான உலகத் தொடரை வென்ற அணி, 1914 உலகத் தொடரில் பாஸ்டனிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அப்போது ஃபெடரல் லீக் என்னும் எதிர் லீக் அதிக ஊதியம் காட்டி ஆட்டக்காரர்களை இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஈடுகொடுக்க இயலாத மேக், எடி காலின்ஸ் போன்ற சிறந்தவர்களை விற்றார். 1914-இல் 99 ஆட்டங்களை வென்ற அணி 1916-இல் வென்றவை வெறும் 36. மீண்டும் பொறுமையாக அணியைக் கட்டி 1929-லும் 1930-லும் அவர் உலகத் தொடரை வென்றார். பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் லெஃப்டி குரோவ், ஜிம்மி ஃபாக்ஸ், மிக்கி காக்ரேன் ஆகியோரையும் விற்க நேர்ந்தது. இவர்களுள் காக்ரேனும் ஒரு கேட்சரே. டெட்ராய்ட் சென்று ஆடிக்கொண்டே மேலாளராகி, 1935-இல் உலகத் தொடரை வென்றார்.

கடைசியாக, 1937-உடன் ஒரு கோடு கிழியுங்கள். அவர் பேஸ்பால் புகழ்மன்றத்திற்குத் தேர்வான அந்த ஆண்டு வரை அவருடைய கணக்கில் வெற்றிகளே அதிகம். அதன் பிறகு அவர் நடத்திய 13 பருவங்களில், 1947 முதல் 1949 வரையிலான மூன்றில் மட்டுமே அணியின் வெற்றிகள் தோல்விகளை விஞ்சின. மொத்தக் கணக்கில் தோல்விகள் 217 கூடுதலாக நிற்பது, 87 வயதில் ஓய்வு பெறும் வரை அவர் விடாது தொடர்ந்த அந்த முதுமைக் காலத்தினால்தான்.