பொதியிடும் இயந்திரம் காலையில் தடையின்றி ஓட

களுவாஞ்சிக்குடியில் ஒரு சிறிய மா ஆலையில் பொதியிடும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் காலையில் சுவிட்ச் போடுவதற்கு முன்பே, மாலையில் இயந்திரத்தை எந்த நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன்.

முந்தைய மாலை

மாத்தொட்டியை வெறுமையாக்குங்கள். அரிசி மா ஈரத்தை இழுக்கும். மாரிக் காலத்தில் ஓர் இரவிலேயே, மாவைக் கீழே இறக்கும் திருகுத்தண்டைச் சுற்றிக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டியோடு மறுநாள் இயக்கினால் எடை தவறும், சிலவேளை மோட்டாரே நின்றுவிடும். உலர்ந்த தூரிகையால் துடைத்துவிட்டு, பக்கற்றாகும் பிளாஸ்டிக் உறைச் சுருளைக் கழற்றி மூடி வையுங்கள்.

காலை, மின்சாரம் போடுமுன்

அவசர நிறுத்தப் பொத்தான் அழுத்தியபடி இல்லாமல் வெளியே வந்திருக்கிறதா, பாதுகாப்புக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இவ்விரண்டையும் கவனிக்காமல், இயந்திரம் ஓடவில்லையென்று மின்னியலாளரை அழைத்துவிட்டுக் காத்திருந்த காலைகள் உண்டு. மும்முனை (த்ரீ ஃபேஸ்) மின்சாரமென்றால் இன்னொன்றும் உண்டு. மின்கம்பியில் திருத்தவேலை நடந்த பிறகோ ஜெனரேட்டருக்கு மாறிய பிறகோ முனைகளின் வரிசை மாறியிருந்தால், நேரடியாக இணைத்த மோட்டார் எதிர்ப்புறம் சுழலும். திருகுத்தண்டு சுழன்றாலும் மா இறங்காது.

காற்று

உறையைச் சூட்டால் ஒட்டும் தாடையை அசைப்பது கம்ப்ரசரின் காற்றுத்தான். கம்ப்ரசர் அழுத்திய காற்று இரவில் குளிர, அதிலுள்ள ஈரம் தாங்கியின் அடியில் தண்ணீராகத் தேங்குகிறது. நம் கரையோரத்தில் இது அதிகம். அடியிலுள்ள குழாயைத் திறந்து, வெறும் காற்று சீறும்வரை வடியுங்கள். கடந்த மார்கழியில் ஒரு நாள் இதைத் தவறவிட்டேன். வால்வுக்குள் தண்ணீர் போய், ஒட்டும் தாடை பாதிவழியில் நின்றது. அன்றைய முற்பகல் முழுவதும் அதிலேயே போயிற்று.

சூடு

பெரும்பாலானோர் அவசரப்படுவது இங்கேதான். நாம் வைத்த வெப்பநிலை எண் திரையில் வந்துவிட்டால் தாடை முழுவதும் சூடாகிவிட்டதென்று நினைத்துவிடுகிறார்கள். வெப்ப உணரி இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே அது காட்டுகிறது. தாடையின் ஓரங்கள் சூடாக இன்னும் நேரமெடுக்கும். எண் வந்த பிறகும் 15 நிமிடம் பொறுங்கள். பொறுக்க முடியாமல் வெப்பத்தைக் கூட்டுபவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதைக்கிறது. சற்று நேரத்தில் உறை உருகித் தாடையில் ஒட்டும், உறை ஒட்டாமலிருக்கத் தாடையில் போட்ட டெஃப்லான் நாடா கருகும். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பித்தளைத் தூரிகையால் எடுங்கள், அதுவும் மெயின் சுவிட்சை நிறுத்தி, குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றிய பிறகு. கத்தியால் சுரண்டினால் தாடையில் கீறல் விழும். அந்தக் கீறல் பட்ட இடத்தில் பக்கற்றுகள் கசியத் தொடங்கும்.

வெற்று ஓட்டம்

மா இல்லாமல் 10 பக்கற் ஓடவிடுங்கள். வெட்டும் இடத்தைக் காட்டும் உறையின் கறுப்புக் குறி, அதைப் பார்க்கும் ஒளி உணரிக்கு நேரே வருகிறதா, திகதி தெளிவாக விழுகிறதா என்று பார்த்த பிறகே மாவைக் கொட்டுங்கள். அடுத்த 10 பக்கற்றையும் ஒவ்வொன்றாக நிறுங்கள். இரண்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கையால் அழுத்துங்கள். குமிழி வந்தால் தாடையின் சூட்டையும் சுத்தத்தையும் மறுபடி பாருங்கள். தண்ணீரில் அமிழ்த்திய பக்கற்றின் மாவை மீண்டும் தொட்டியில் கொட்டாதீர்கள். அதிலுள்ள சிறு ஈரமும் அந்தத் தொட்டி மாவைக் கெடுத்துவிடும்.